களி, பிரியாணி, கடுகெண்ணெய்: வேலூர்ப் பக்கம் யார் யாருக்காகச் சமைத்தார்கள்?

கேள்வி இதுதான்: "வேலைக்காக வேலூர் வந்திருக்கிறேன். ஒரே வட்டாரத்தில் கேழ்வரகுக் களி, ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா, வங்காள மீன் குழம்பு எல்லாம் கிடைக்கின்றன. ஒரு ஊரின் சமையலை மண் தீர்மானிக்கிறதா, பண்பாடு தீர்மானிக்கிறதா? இவற்றில் எது உண்மையான வேலூர்ச் சமையல்? அப்புறம், ஆம்பூர் பிரியாணியை வீட்டில் செய்தால் ஏன் அந்த ருசி வருவதில்லை?"

பிரியாணிக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியை மண்ணா, பண்பாடா என்று இரண்டு அணியாகப் பிரித்தால் பட்டிமன்றம் நடத்தலாம், பதில் கிடைக்காது. மண் பொருளைக் கொடுக்கும், அவ்வளவுதான். கேழ்வரகு விளையும், மல்லாட்டை (நிலக்கடலை) விளையும், ஏரித் தண்ணீர் இருந்தால் நெல் விளையும். அந்தப் பொருள் என்ன பதார்த்தமாகிறது, அதை ஊர் கூடி உண்கிறதா கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறதா என்பதெல்லாம் வேறு ஒரு விஷயத்தைப் பொறுத்தது: அடுப்படியில் நின்றவர் யாருக்காகச் சமைத்தார்? தன் பிள்ளைகளுக்கா, நவாபுக்கா, கல்யாணப் பந்திக்கா, காசு கொடுக்கும் வெளியூர்க்காரருக்கா? நீங்கள் சொன்ன நான்கு பதார்த்தங்களுக்கும் இந்தக் கேள்விக்கு நான்கு விதமான பதில் இருக்கிறது. அதனால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தெரிகின்றன.

எல்லையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நான் வட ஆற்காடு என்று சொல்வது பழைய மாவட்டத்தை. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் மிச்சமிருந்தது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அதற்கும் முன்னால், 1911 வரை, சித்தூரும் இதே மாவட்டம்தான், தலைநகரே அங்கேதான் இருந்தது. அடுப்புகளுக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது.

களியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பெரும்பாலான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டது அதைத்தான். "தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார், ஜலகண்டேஸ்வரர் இப்போது கருவறையில் இருக்கிறார். ஆறுதான் பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது என்றால் அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மேட்டு நிலத்தில் மானாவாரியாக வருவது கேவுரு. (கேழ்வரகை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) ஜவ்வாது மலைக்கு ஏறினால் அந்த இடத்தில் சாமை. அங்குள்ள மலையாளி என்ற பழங்குடி மக்களின் வயல்களில் இன்றும் அதுதான் முக்கியப் பயிர்.

களி கிண்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொதிக்கிற தண்ணீரில் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுவார்கள். அப்புறம் கேவுரு மாவைக் குவியலாகக் கொட்டி, உடனே கிளறாமல், நடுவில் துடுப்பால் ஒரு குழி செய்து அப்படியே கொதிக்க விடுவார்கள். மாவு உள்ளேவரை வெந்த பிறகுதான் கிண்டல். பானை நகராமல் இருக்கக் கீழே இறக்கி, பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் துடுப்பில் இறக்கிக் கிண்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். கை தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது. மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்.

இந்தச் சமையலின் ஒவ்வொரு அம்சத்திலும் சமைத்தவளே சாப்பிடப் போகிறவள் என்பது தெரியும். காலையில் நடவுக்கோ களையெடுக்கவோ போகிறவள் முந்தின இரவே கிண்டிவைத்தது. ஒரு உருண்டை உள்ளே போனால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடித்துவிடலாம். எதுவும் வீணாகாது. தொட்டுக்கொள்ள எது கையில் கிடைக்கிறதோ அது: வரப்போரத்துக் கீரையைக் கடைந்தால் கடைசல், இல்லையென்றால் புளியும் மிளகாயும் கரைத்த ஒரு சாறு, சந்தைக்குப் போன வாரமென்றால் கருவாட்டுக் குழம்பு. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊர்களில் கருவாட்டுக்கு இத்தனை மவுசு ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஏரி மீன் ஏரி வற்றும்போதுதான் தாராளமாகக் கிடைக்கும். கருவாடு எப்போதும் பரணில் இருக்கும், நான்கு துண்டு போட்டால் குழம்பு முழுவதும் மணக்கும், நான்கு பேர் நான்கு உருண்டையை அதை வைத்தே இறக்கிவிடலாம். காசு கம்மியாக இருக்கிற வீட்டுச் சமையலுக்குத் தேவையான மூளை எல்லாம் அதில் இருக்கிறது.

இதே உருண்டை எல்லைக்கு மேற்கே கர்நாடகத்தில் முத்தே, வடக்கே சித்தூர்ப் பக்கம் சங்கட்டி. செய்முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. சங்கட்டியில் நொய்க்குப் பதில் அரிசியே போடுவார்கள், நாட்டுக்கோழிக் குழம்போடு விருந்தாளிக்கே பரிமாறுவார்கள். முத்தேயைக் கன்னடத்தில் அரசியல் தலைவர்கள் முதல் ஓட்டல் முதலாளிகள் வரை பெருமையாகச் சாப்பிடுகிறார்கள். நம் பக்கம் மட்டும் களி என்றால் ஒரு கூச்சம். "உன்னைக் களி திங்க வெக்கிறேன் பாரு" என்றால் ஜெயிலுக்கு அனுப்புகிறேன் என்று பொருள். மத்தியச் சிறை இருக்கிற வேலூரில் அந்த மிரட்டலுக்கு இன்னும் கொஞ்சம் கனம் கூடுதல். கூலி வேலை செய்கிறவர்களின் சாப்பாடாக இருந்ததால் களிக்கு வந்த பெயர் இது. அந்தஸ்து உள்ள வீட்டில் நெல்லுச்சோறு. மற்ற வீடுகளில் நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும், மாப்பிள்ளை வந்தாலும். மண் ஒன்றுதான், பானையில் இருந்தது வேறு.

அது மாறியதற்கும் மண் காரணமில்லை. 1960-களின் கடைசியில் ஐ.ஆர்.8 நெல் வந்தது. அந்த விளைச்சலைப் பார்த்து அசந்துபோன வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கே 'ஐ.ஆர்.எட்டு' என்று பெயர் வைத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. கிணறும் பம்புசெட்டும் வந்தன. பிறகு ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு, 2011-லிருந்து இலவசமாக. இரண்டே தலைமுறையில் களிப்பானை பரணுக்குப் போனது. இப்போது சர்க்கரை நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்து அது கீழே இறங்கியிருக்கிறது. முன்பு ஏழையின் சாப்பாடு, இன்று வசதியானவர்கள் பாக்கெட் மாவாகக் கூடுதல் விலைக்கு வாங்குகிற பண்டம். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஆனாலும் மாவு விற்கிறதே என்று சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேவுருக்குக் கூச்சம் கிடையாது: அம்மன் கோயில். ஆடி மாதம் தெருத்தெருவாகக் கூழ் வார்ப்பார்கள். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் லட்சக்கணக்கில் கூட்டம், வழியெங்கும் கூழ், மோர், பானகம். அதே மே மாதத்தில் சித்தூரிலும் திருப்பதியிலும் கங்கம்மா ஜாத்திரை. அங்கே அதே கூழுக்குப் பெயர் அம்பலி. மாநிலமும் மொழியும் மாறினாலும் அம்மனும் கூழும் மாறவில்லை. வீட்டுக்கு வீடு மாவு வசூலித்துப் பெரிய அண்டாவில் காய்ச்சி வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றும்போது, வீட்டில் ஒளித்துச் சாப்பிட்ட அதே தானியம் பிரசாதமாகிவிடுகிறது. மாறியது எல்லாம் யாருக்காகக் காய்ச்சினார்கள் என்பது மட்டும்தான்.

வெயிலைச் சொன்னதும் வடகம் ஞாபகம் வருகிறது. வேலூரை 'வெயிலூர்' என்று கேலி பேசுவார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலை வீணாக்காமல் இருக்கத் தெரிந்த பதார்த்தம் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம் பருப்பு, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை எல்லாம் பிசறி, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மொட்டைமாடியில் காயவைப்பார்கள். சாயங்காலம் எடுத்து, ஊறியிருக்கும் சாற்றோடு மறுபடி பிசைந்து உருட்டி, மறுநாள் திரும்பவும் காயவைப்பது. நன்றாகக் காய்ந்துவிட்டால் வருடம் முழுக்கக் கெடாது. மழை நாளில் கடலை எண்ணெயில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டால் பக்கத்துத் தெரு வரை மணம் போகும். கத்திரிக்காய் காரக்குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் இதுதான் உயிர். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அம்மா அனுப்பும் பார்சலில் வடகம் இல்லாமல் இருக்காது. கடையில் கிடைக்கிறதே என்று கேட்டால் நம்ம வீட்டு வடகம் மாதிரி வருமா என்பார்கள்.

சரி, ஆற்காட்டுக்கு வருவோம். நவாபுகளின் தலைநகரம். 1751-ல் கிளைவ் வந்து கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்ட கதை பள்ளிப் பாடத்தில் இருக்கும். பின்னால் நவாப் வாலாஜா சென்னைக்கு நகர்ந்து, 1768 வாக்கில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். நவாப் போய்விட்டார், ஆற்காட்டில் மிச்சமிருப்பது மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் பொடியாக நறுக்கிய முந்திரி, பாதாம், பிஸ்தாவை வைத்து, பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவைப்பது. குலாப் ஜாமூனின் உறவுதான், ஆனால் கொஞ்சம் தட்டையாக, உள்ளே கடிக்கக் கொடுக்கும். தின்பவர் கண்ணில் படாமல் விலையுயர்ந்த சாமானை உள்ளே ஒளித்துவைக்கும் புத்தி பசிக்குச் சமைக்கிறவருக்கு வராது. பெரிய மனிதர்களை அசத்துவதற்காகச் சமைத்தவருக்குத்தான் வரும். இன்று அது பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிக் கால் கிலோ கட்டிக்கொண்டு போகும் பண்டம். வீட்டில் யாரும் செய்வதில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் இனிப்புக்காரன் இல்லை.

ஆம்பூர் பிரியாணிக்கும் நவாப் கதை ஒன்று உண்டு: ஆற்காட்டு அரண்மனைச் சமையற்காரர்களின் கைவழியில் வந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் தேக்சாவை (பிரியாணி போடும் பெரிய பாத்திரம்) திறந்து பார்த்தால் அரண்மனையை விட ஊர்தான் அதிகம் தெரிகிறது. அரண்மனைப் பிரியாணி என்றால் நெய், குங்குமப்பூ, நீள அரிசி என்று நினைப்போம். இங்கே சீரகச் சம்பா. குட்டையான அரிசி, தனக்கென்று மணம் உள்ளது, அதனால் மேலே பன்னீரும் எசென்ஸும் தெளிக்க வேண்டியதில்லை. நெய்க்குப் பதில் பெரும்பாலும் எண்ணெய். நிறத்துக்கும் காரத்துக்கும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் அளவாக. இஞ்சி, பூண்டு, புதினா, மல்லி, தக்காளி, தயிர். மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவை, போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை. ஆக இந்தச் சிவப்புப் பிரியாணி எந்தப் பழமையான ராஜாவின் பந்தியிலும் இருந்திருக்க முடியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, இந்த ஊர்களையெல்லாம் இணைப்பது தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை வைத்துப் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது, பிறகு ஷூ கம்பெனிகள். பாலாற்றுக்கு அது என்ன செய்தது என்பது தனிக் கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பானது. சமையலுக்கு அது செய்தது வேறு. ஒரு பக்கம் தோல் வியாபாரத்தில் வசதியான முஸ்லிம் குடும்பங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே ருசியில் போட வேண்டும். இன்னொரு பக்கம் ஷிப்டு முடிந்து வரும் ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர்கள். உட்கார்ந்து கூட்டு, பொரியல், ரசம் என்று சாப்பிட அவர்களுக்கு நேரம் கிடையாது, ஒரு பொட்டலத்தில் வயிறு நிறைய வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் ஒரே பதில் தேக்சாதான். இங்கே பிரியாணியை ஆள் கணக்கில் பேசமாட்டார்கள். "எத்தனை கிலோ போடணும்?" என்பார் மாஸ்டர், அரிசிக் கணக்கில். சமைக்கிற கை மாறியதையும் கவனியுங்கள். தனக்கும் பிள்ளைகளுக்கும் களி கிண்டியது பெண். கூலிக்கும் பேருக்கும் தேக்சா இறக்குவது ஆண். வீட்டைத் தாண்டிய சமையலுக்கு மாஸ்டர் என்று பட்டம் உண்டு, வீட்டுக்குள் இருப்பதற்கு எந்தப் பட்டமும் இல்லை.

பக்கத்தில் வைக்கும் கத்திரிக்காயை மறந்துவிடக் கூடாது. சென்னையிலும் மதுரையிலும் பிரியாணிக்குத் தால்சா வைப்பார்கள், ஐதராபாத்தில் மிர்ச்சி சாலன் வைப்பார்கள். ஆம்பூரில் புளி ஊற்றி எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்த கத்திரிக்காய். இதைப் பார்த்தால் எனக்கு ஐதராபாத் பகாரா பைங்கன்தான் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே அதை எளிமையாக்கி, காரத்தைக் கூட்டி நம் காரக்குழம்புப் பக்கம் இழுத்துவிட்டார்கள். மண்ணுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு என்றால் அது இங்கேதான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தொப்பியிலும் முள், பறிக்கும்போது கையைக் கிழிக்கும். உள்ளே சதைப்பற்று அதிகம், விதை குறைவு, எண்ணெயில் வதங்கும்போது வெண்ணெயாகிவிடும். இதை ஐதராபாத்துக்கு அனுப்பிவைத்தால் அவர்கள் வேறு ஏதாவது செய்வார்கள். நாம் செய்வது இது.

பிரியாணி எல்லோரையும் ஒன்றுசேர்க்கிறது என்று ஒரு நல்ல வசனம் உண்டு. பாதி உண்மை. வட ஆற்காட்டில் முதலியார் வீட்டு வளைகாப்பு மறுநாளும் வன்னியர் வீட்டுக் காதுகுத்திலும் பாய் மாஸ்டர் வந்து தேக்சா இறக்குகிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அம்மனுக்குக் கெடா வெட்டினாலும் இப்போது குழம்புக்குப் பதில் பிரியாணிதான் கேட்கிறார்கள். ஆனால் மாட்டுக்கறிப் பிரியாணி என்றால் கதை மாறும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அது தள்ளுவண்டிச் சாப்பாடு. விலை குறைவு, தலித்துகளும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இன்னும் பலரும் விரும்பிச் சாப்பிடுவது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. பட்டியலில் மாட்டுக்கறிப் பிரியாணி இல்லை. ஏன் இல்லை என்று கேள்வி எழுந்து, எதிர்ப்பு வலுத்து, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. ஒரே அரிசி, ஒரே மிளகாய் விழுது, ஒரே தெரு. மேடைக்கு எது ஏறலாம் என்பதில்தான் சண்டை. உப்புக்கண்டம், போட்டி (குடல் கறி), ரத்தப் பொரியல் இவையும் இந்த மண்ணின் சமையல்தான். உணவுத் திருவிழாப் படங்களில் அவற்றைப் பார்க்க முடியாது. பண்பாடு சமையலை உருவாக்குகிறது என்று சொல்லும்போது, பண்பாடு சிலவற்றை மறைத்தும் வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது உங்களைக் குழப்பிய வங்காள மீன் குழம்பு. அதற்குக் காரணம் சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். எதிரே உள்ள தெருக்களில் வங்க எழுத்தில் பலகைகள், வங்காளம் பேசும் தமிழ்ப் பையன்கள். ஒரு ஆபரேஷன், பின்தொடர் பரிசோதனை என்று வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும். அதனால் பல லாட்ஜுகளில் அறையோடு சமையலறையும் உண்டு, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். பக்கத்துக் கடையில் கடுகெண்ணெய், மீன் கடையில் ரோகுவும் கட்லாவும். நோயாளிக்கு இட்லி கொடுத்தால் இறங்கமாட்டேன் என்கிறது, சாதமும் கடுகெண்ணெய் மணக்கும் மீன் ஜோலும் கொடுத்தால் இரண்டு கவளம் இறங்குகிறது. அவ்வளவுதான் அந்தச் சமையலின் லட்சியம். அதனால் அந்தத் தெரு மெஸ்களில் கிடைப்பது கொல்கத்தா விருந்துச் சாப்பாடு இல்லை. பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், மெலிந்த மீன் குழம்பு, காரமும் எண்ணெயும் குறைத்தது. படுக்கையிலிருந்து எழுந்து வருகிற ஆளுக்காகச் செய்தது.

என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. பல பத்தாண்டுகளாக இந்தச் சாப்பாடு இங்கே இருக்கிறது, ஆனால் வேலூர் வீடுகளுக்குள் அது நுழையவே இல்லை. இங்குள்ள சைதாப்பேட்டையிலோ சத்துவாச்சாரியிலோ எந்த வீட்டிலும் கடுகெண்ணெயில் மீன் வறுப்பதை நான் பார்த்ததில்லை. பிரியாணி மட்டும் எல்லா வீட்டுக்கும் எப்படிப் போனது? கல்யாணத்தின் வழியாகப் போனது. பக்கத்து வீட்டு பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், நம் வீட்டு விசேஷத்துக்கு அதே மாஸ்டரைக் கூப்பிடுகிறோம். வங்காளத்திலிருந்து வருகிறவர் இங்கே கல்யாணம் செய்ய வரவில்லை, குணமானதும் ரயில் ஏறிவிடுகிறார். அவருடைய சாப்பாட்டுக்கு நாம் விற்பவர்கள், விருந்தாளிகள் இல்லை. வி.ஐ.டி. மாணவர்களுக்காகக் காட்பாடிப் பக்கம் முளைத்திருக்கும் பராத்தா கடைகளுக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் எது உண்மையான வேலூர்ச் சமையல்? இந்த வட்டாரத்து ஆட்களைப் பிடித்து வைத்துக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிரியாணி என்பார்கள். வெளியில் சொல்லப் பெருமையாக இருப்பது அது. என்னைக் கேட்டால், காய்ச்சல் விட்டு எழுந்ததும் நாக்கு எதைத் தேடுகிறதோ அதுதான் ஒருவருடைய ஊர்ச் சமையல். இந்தப் பக்கம் அது வடகம் தாளித்த கடைசலாகவோ, மல்லாட்டைத் துவையலாகவோ, முருங்கைக்கீரை போட்ட கேவுரு அடையாகவோ இருக்கும். ஓட்டல் பலகையில் இவை எதுவும் இருக்காது. அதனால் எத்தனை நாள் இருந்தாலும் நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் பிரியாணி வேண்டாம், கடைசல் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதலில் சங்கடப்படுவார்கள், அப்புறம் இரண்டு மடங்கு போடுவார்கள்.

கடைசியாகப் பிரியாணி. வீட்டில் அந்த ருசி வராததற்கு ரகசிய மசாலா எதுவும் காரணமில்லை. பத்துக் கிலோ தேக்சாவுக்காக உருவான முறையை அரைக்கிலோ குக்கரில் செய்கிறோம், தவறு அங்கேதான். குறைந்தது ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ அரிசி என்று சரிசமமாகப் போடுங்கள். அடிகனமான, வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். மிளகாய்த்தூள் கூடவே கூடாது. காய்ந்த நீட்டு மிளகாயின் விதையை உதிர்த்துவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்துக்கொள்ளுங்கள். விதை போனால் நிறம் நிற்கும், காரம் தொண்டையைப் பிடிக்காது. வெங்காயம் பொன்னிறம் தாண்டக் கூடாது. கறி முக்கால் பதத்துக்கு மேல் வெந்து, மசாலா தளர இருக்கும்போது, தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வெந்த சீரகச் சம்பாவை வடித்துச் சேர்க்க வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான். பாசுமதிக்குப் பழகிய கை சம்பாவை நேரம் தாண்டி வேகவிட்டுவிடும். குட்டை அரிசி சட்டென்று குழைந்துவிடும், அதனால் கொதி வந்ததும் அங்கேயே நில்லுங்கள், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள், நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துவிடுங்கள். தம்முக்கு அடியில் கனமான தோசைக்கல், மூடிமேல் தணல். தணல் இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம். கால் மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, இன்னொரு கால் மணி நேரம் திறக்காமல் விடுங்கள். அந்த இடைவெளியில் முள்ளுக் கத்திரிக்காயைச் சுண்டவைத்துவிடலாம். ஆறு பேருக்குக் குறைவாக இருக்கிற நாளில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.